வெள்ளை டீசலும் சிவப்புப் பெட்ரோலும்

அண்ணா,

இன்று காலை திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு கறுப்பு வண்டி என்னைத் தாண்டிப் போனது. டீசல். யாரோ நன்றாகக் கைவைத்த டீசல். அவன் மிதித்த மிதியில் பின்னால் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி, பாலத்துச் சுவரில் மோதித் திரும்பி என் மேல் வந்தது. பக்கத்து வண்டிக்காரர் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார். நான் இறக்கிவிட்டேன். அந்த நாற்றம் தீரும்வரை மூச்சை இழுத்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கத் தோன்றவில்லை. மருந்துக்கு வரிசை நிற்கும், ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று தெரியும். இருந்தும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு நமக்கு நாம்தான் என்று ஆகிவிட்டது. நீ விழுப்புரத்தில் பம்புசெட் கடை வைத்திருந்தாய். நான் திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற வேலை. ஊரில் மற்ற அண்ணன் தங்கைகள் போனில் என்ன பேசுவார்களோ தெரியாது, நாம் பேசியதெல்லாம் டர்போவும் கிளட்சும்தான். அண்ணி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். "சாப்டியா, தூங்கினியான்னு ஒரு வார்த்தை கேக்குறாரா பாரு இந்த மனுஷன்!" என்பார்.

உன் வெள்ளை வண்டி வாங்கியபோது சாதாரணக் குடும்ப வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக, கல்யாணத்துக்குப் போக என்று சொல்லித்தான் அண்ணியிடம் சம்மதம் வாங்கினாய். அடுத்த வருஷமே புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஓர் ஆளிடம் கொடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கை மாற்றிக்கொண்டு வந்தாய். டர்போ கூடுதலாக ஊதும், டீசல் கூடுதலாக இறங்கும், ரீமேப் என்று அதற்குப் பெயர் என்று நீ விளக்கியபோது எனக்குப் பாதி புரியவில்லை. "ஏறு பாப்பா" என்றாய். ஏறினேன். இரண்டாயிரம் சுற்றை முள் தொட்டதும் யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. நான் கத்திவிட்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"பாத்தியா? பெட்ரோல் ஓடும். டீசல்தான் தூக்கும்."

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பெட்ரோல் வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். சின்ன சிவப்பு வண்டி, அதிலும் டர்போ. அதே புதுச்சேரி ஆளிடம் கொடுத்து, கணக்கை மாற்றி, தாழ்வாக உட்காரும் இறுக்கமான ஸ்பிரிங் போட்டு, சத்தம் போடும் சைலன்சரும் வைத்துக்கொண்டு உன் கடை வாசலில் வந்து நின்றேன். நீ சுற்றி வந்து பார்த்தாய். "தையல் மெஷினுக்கு பவுடர் பூசிக்கினு வந்துக்கிற" என்றாய். மோட்டார் வாங்க வந்திருந்த கோலியனூர் விவசாயி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் விடவில்லை. "உன் டீசல் நாலாயிரத்துல தூங்கிடும்ணா. என் வண்டி அதுக்கு மேலதான் முழிச்சிக்கும்" என்றேன்.

அந்தச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளத்தான் பிரம்மதேசம் போகும் வழியில் உன் சிநேகிதர் போட்டிருந்த லேஅவுட்டுக்குப் போனோம். மனை எதுவும் விற்காத காலம். கல்லுக்குக் கல் கலர் கொடி கட்டி, நடுவில் புதுத் தார் ரோடு மட்டும் நேராகக் கிடந்தது, ஆள் கிடையாது, மாடு கிடையாது. பூசை முடிந்து நேராக வந்ததால் அண்ணி பட்டுப்புடவையோடு ரோட்டின் மறுமுனையில் நின்றார். யார் முந்தி வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவர் வேலை. நீ கிளம்பிய வேகத்தில் என் கண்ணாடி முழுக்கப் புகை. இரண்டாவது கியர் வரை உன் பின்பக்க விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது போட்டதும் உன் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது, என்னுடையது கூவிக்கொண்டு ஏறியது. கதவுக்குக் கதவு வந்தோம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குள் ரோடு முடிந்துவிட்டது.

இருவரும் இறங்கி ஓடினோம். "யாரு? யாரு முந்தி?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இன்னா தெரியும்? ரெண்டும் என்னைப் பாத்து வர்ற வரத்துல நான் கண்ண மூடிக்கினேன்."

நீ தார் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பற்றி யோசிக்கிறபோதெல்லாம் நீ அன்று எவ்வளவு எளிதாகக் கீழே உட்கார்ந்தாய், எவ்வளவு எளிதாக எழுந்தாய் என்பதுதான் முன்னால் வருகிறது.

ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சத்தம் போடுற வண்டி?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வளைவுல என் வண்டிய இதுதாங்க தோக்கடிக்குது. ஓட்டத் தெரிஞ்சவங்க வெச்சிக்கட்டுமே" என்றாய். என்னிடம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாததை ஊர் முன்னால் ஒத்துக்கொண்டாய். மண்டபத்துக்குள் போனதும், "அது சும்மா சொன்னது" என்று என் காதில் சொன்னாய்.

முதுகு வலி வந்தபோது நீ முதலில் வண்டியைத்தான் குறை சொன்னாய். "ஸ்பிரிங்கு கொஞ்சம் டைட்டு பாப்பா, அதான் புடிச்சிக்கிச்சு." ஸ்பிரிங்கை இளக்கினாய். சீட்டை மாற்றினாய். சீட்டுக்குக் கீழே ஏதோ பஞ்சு வைத்துப் பார்த்தாய். வலி போகவில்லை. பிறகு ஸ்கேன். புற்று எலும்புக்கு வந்துவிட்டது, தொடங்கிய இடம் வேறு என்று டாக்டர் அண்ணியிடம் சொன்னார். அண்ணி எனக்கு போன் செய்து எதுவும் சொல்லாமல் அழுதார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உனக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை அவர் போனில் அனுப்பியிருந்தார். இந்த வலி மாத்திரையை எந்தக் கட்டத்தில் தொடங்குவார்கள், அளவை எதுவரை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று தெரிந்திருப்பது என் தொழில். உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. நம்மிடையே பேசாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

புதுச்சேரிக்குச் சிகிச்சைக்குப் போகத் தொடங்கினோம். உன் வண்டியில்தான் போக வேண்டும் என்றாய். நான் ஓட்ட, பின்சீட்டில் அண்ணி மடியில் நீ. நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒருநாள் கோலியனூர் கூட்டு ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் குறுக்கே நின்று வழி அடைத்துக்கொண்டது. வண்டி நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. டீசல் அப்படித்தான், ஓடும்போது தெரியாது, நிற்கும்போது உடம்பெல்லாம் அதிரும். ஒருகாலத்தில் அந்த அதிர்வைக் காட்டி, "பாரு, உசுரோட இருக்குது" என்று பெருமையாகச் சொன்னவன் நீ. கண்ணாடியில் பார்த்தேன். உன் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அண்ணி அதைத் துடைக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், தான் பார்த்ததாக உனக்குத் தெரிய வேண்டாம் என்று.

நான் இன்ஜினை அணைத்தேன். நடுக்கம் நின்றது. அப்போதுதான் நீ சொன்னாய்.

"பாப்பா, அடுத்த வாட்டி உன் வண்டிய எடுத்துகினு வா."

எத்தனை வருஷம் அந்த வார்த்தைக்காகச் சண்டை போட்டிருப்பேன். அன்று அது வந்தபோது, திரும்பிப் பார்க்காமல் "சரிணா" என்று மட்டும் சொன்னேன்.

என் வண்டி அதிராது. ஆனால் அந்த இறுக்கமான ஸ்பிரிங், தாழ்வான உடம்பு, ஒவ்வொரு பள்ளமும் முதுகில் குத்தும். அந்த வாரமே புதுச்சேரி ஆளிடம் விட்டேன். கம்பெனியில் வந்த பழைய மெத்தென்ற ஸ்பிரிங், பழைய சைலன்சர், பழைய கணக்கு. மிதித்தால் தாவாத, நிறுத்தினால் திணறாத, யார் வீட்டிலும் இருக்கிற வண்டியாக அதை ஆக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன். கட்டிலில் படுத்தபடியே நீ சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாய்.

"இன்னா பண்ண வண்டிய?"

"கொஞ்சம் இளக்கினேன்ணா."

"அவுத்துட்டியா எல்லாத்தையும்?"

தலையை ஆட்டினேன். உனக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. தலையணையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாய், முடியவில்லை. "நான் சாவறதுக்கு உன் வண்டி ஏண்டி சாவணும்?" என்றாய். அதுவரை யாரும் அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவில்லை. அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து உன் காலைப் பிடித்துக்கொண்டேன். அது அவ்வளவு மெலிந்திருந்தது. பிறகு நீ சொன்னாய்: "நான் போன பின்னாடி பழையபடி பண்ணிடணும். சொல்லு." சொன்னேன்.

பிறகு அந்த வண்டியில்தான் போனோம், வந்தோம். நீ தூங்கிக்கொண்டே கூட வந்தாய். மருந்து ஏறிக்கொண்டே போனது.

தை மாதம் ஒரு காலை, டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகு, நீ போன் செய்தாய். "ஜல்தியா வா. என் வண்டியில ஒரு ரவுண்டு போவணும்." அண்ணி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நீ கேட்கவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, முன்சீட்டைச் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்து உன்னை உட்கார வைத்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினோம். பனி விலகி ரோடு காலியாகக் கிடந்தது.

"நாலுல போடு. ரெண்டாயிரத்துல நிக்க வெச்சு மிதி."

"வலிக்கும்ணா."

"சும்மா படுத்துகினு இருந்தாலும்தான் வலிக்குது. மிதி பாப்பா."

மிதித்தேன். வெள்ளை வண்டி தன் பலத்தையெல்லாம் எடுத்து நம் இருவரையும் சீட்டோடு சேர்த்து அழுத்தியது. உன்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறலா சிரிப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. காலை எடுத்துவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, வியர்த்துப்போய், "இன்னொரு வாட்டி" என்றாய். மாட்டேன் என்றேன். கெஞ்சினாய். மிதித்தேன்.

கூட்டேரிப்பட்டில் ஓரம் கட்டினோம். வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். உன்னால் மெல்ல முடியாது. கடலையை ஓட்டோடு வாயில் வைத்து உப்புத்தண்ணியை மட்டும் உறிஞ்சினாய். அப்புறம் நிதானமாகத் தீர்ப்புச் சொன்னாய். "உன்னுது படுத்துகினு போறதுக்கு நல்ல வண்டி. இது உக்காந்துகினு போற வண்டி." சிரித்தேன். நீயும் சிரித்தாய், முதுகைப் பிடித்துக்கொண்டு. நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. மாசி பிறப்பதற்குள் நீ போய்விட்டாய், ஒரு மத்தியானம், வீட்டிலேயே, அண்ணி கையில்.

வெள்ளை வண்டி வாசலில் சில மாதம் நின்றது. "நின்னுகினே இருக்கிறதப் பாத்தா எனக்குப் பேஜாரா இருக்குது பாப்பா" என்று அண்ணி சொல்லிவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்போது மிதித்துப் பார்த்தார். புகை எழுந்தது. நான் திரும்பியபோது அண்ணி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்.

என் வண்டியை உனக்குச் சொன்னபடி பழையபடி ஆக்கிவிட்டேன். கணக்கு, சைலன்சர் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது அண்ணா, முன்னைவிட நன்றாக. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றவில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க அந்த உயரம்தான் வசதி என்று புதுச்சேரி ஆளிடம் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் ஒரு பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. உன்னை அழைத்துப் போன நாட்களில், வேகத்தடையோ பள்ளமோ வருகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நீ உடம்பை இறுக்கிக்கொள்வாய், "ம்" என்பாய், அதற்குப் பிறகுதான் ஏற்றுவேன். இப்போது தனியாக ஓட்டும்போதும் வாய் தானாகச் சொல்கிறது. பின்சீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் சொல்கிறது.

போன ஞாயிறு அண்ணியைக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். பூக்கூடையோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். ரயில்வே கேட்டுக்கு முன்னால் நான் என்னை அறியாமல், "மேடு வருதுணா, புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கவும் பயம்.

பின்னாலிருந்து அண்ணி, "ம்" என்றார்.

மெதுவாக ஏற்றி இறக்கினேன்.