சுவர்ப் பக்கம் ஒருக்களித்து

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்று நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, அதற்குத்தான் அலமாரி மேல் ஒன்றை உட்கார்த்தி வைத்திருக்கிறாயே. நீயும் மருமகளும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது, உன் வீட்டில் நான் எதையும் உட்கார்த்தி வைக்கவில்லை. ஆகவே எழுதவும்.

என் தலைவலிக்குக் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. கோபமாக இருக்கிறேன், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். ஏழு மாதமாகக் காலையில் எழும்போதே பிடரியில் ஆணி அடித்த மாதிரி ஆரம்பித்து, வலது காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்கு மேல் வந்து உட்காரும் வலி. மத்தியானத்துக்குள் தானாக இறங்கிவிடும். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார், எழுத்து தெளிவாகத் தெரிந்தது, வலி அப்படியே இருந்தது. பல் மருத்துவர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார், பாவம், ஒரு தப்பும் செய்யாத பல். எலும்பு மருத்துவரோ, நான் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவள் என்று கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "குனிஞ்சு குனிஞ்சு தேஞ்சு போச்சும்மா" என்று ஒரு கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டார். அதோடு நான் தெருவில் நடந்தால், யாரையும் மதிக்காத பெரிய அதிகாரி மாதிரி இருக்கிறதாம், உன் அப்பா சொல்கிறார். அந்த மருத்துவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தார்தான். அதற்குள் உன் அப்பா மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனிலிருந்து நீ முந்திக்கொண்டாய். "நல்லா தூங்குறாங்க டாக்டர், எட்டு மணி நேரம், புரண்டுகூடப் படுக்கிறதில்ல, நான்தான் தினம் பாக்குறேனே" என்று அத்தனை தூரத்திலிருந்து சாட்சி சொன்னாய். அவரும் தாளில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

போன வாரம் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனேன். சின்னப் பெண்தான். முப்பத்தோரு வருஷம் வலிக்காத கழுத்து, ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்டாள். இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பிறகு கட்டிலில் படுத்துக் காட்டச் சொன்னாள். நான் வழக்கம் போல வலது பக்கம் ஒருக்களித்து, முகத்தைச் சுவருக்குத் திருப்பி, மூக்கைத் தலையணையில் புதைத்து, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டேன். "ராத்திரி பூரா இப்படியேவா ஆன்ட்டி? யார்கிட்ட இருந்து ஒளிஞ்சுக்கிறீங்க?" என்று சிரித்தாள். மகன் பார்க்கிறான் என்று சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதம் முன்னால் உன் அப்பா வழுக்கி விழுந்தது குளியலறையில். நீ கேமரா வைக்கச் சொன்னது படுக்கையறையில். அந்த நியாயத்தை அன்றே கேட்டிருக்க வேண்டும், பிள்ளை ஆசையாக அனுப்பியிருக்கிறான் என்று வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு. அதுவும் சும்மா இருக்கிறதா, நீ அங்கே எதையோ அமுக்கினால் இங்கே க்ர்ர் என்று கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. உன் அப்பாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. படுக்கப் போகுமுன் தலை வாரிக்கொள்கிறார், அதைப் பார்த்துக் கை ஆட்டுகிறார், மல்லாந்து வாயைத் திறந்து தூங்குகிறார். நாற்பத்திரண்டு வருஷமாக நான் அவர் பக்கம் திரும்பி, நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்குகிறவள். அலமாரி இருப்பது அவர் பக்கம். அவரைப் பார்த்துப் படுத்தால் உன்னையும் பார்த்துப் படுக்க வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளைதான், இருந்தாலும் நாற்பதைத் தொட்ட ஆம்பளை. அவன் கண்முன்னால் அம்மா எப்படிக் கண் அசருவாள் என்று உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா?

இதைக்கூட மன்னித்துவிடுவேன். கேமரா வருவதற்கு முன்னால் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாய். "சாப்டியாம்மா, கால் வீக்கம் வத்துச்சா, அப்பா மாத்திரை போட்டாரா" என்று கேட்பாய், நானும் அலுத்துக்கொண்டே சொல்வேன். கேமரா வந்தபின் அது குறைந்துகொண்டே போய், இப்போது நீ கூப்பிட்டு ஒன்பது வாரம் ஆகிறது. டாக்டரிடம் பேசியதைச் சேர்க்காதே, அது என்னிடம் பேசியது இல்லை. நானே கூப்பிட்டு ஏன்டா என்றதற்கு, "தினம் பாத்துட்டுத்தானேம்மா இருக்கேன், நல்லாத்தானே இருக்கீங்க" என்றாய். வலியோடு சுவரைப் பார்த்து விழித்துக் கிடந்தவளை, அசையவில்லை என்பதற்காக நன்றாகத் தூங்குகிறாள் என்று முடிவு கட்டியிருக்கிறாய். அச்சகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் செய்யும் தப்பு இது. பக்கத்தைப் பார்ப்பார்கள், படிக்க மாட்டார்கள்.

மருமகளிடம் விசாரித்தேன். நீ குப்புறப் படுத்து, போனில் எங்களைப் பார்த்தபடியே தூங்கிப்போய், காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாயாம். அந்த வேலையை இன்றோடு விடு. தோள் உயரத்துக்கு ஒரே தலையணை, மல்லாந்தோ ஒருக்களித்தோ படு, குப்புறப் படுக்காதே.

எனக்குக் கழுத்துப் பட்டை தேவையே இல்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். புதுசு, வீணாக்க மனம் வரவில்லை. முந்தாநாள் நாற்காலி போட்டு ஏறி, உன் கேமராவின் முகத்தைச் சுவருக்குத் திருப்பி, பட்டையை அதன் கழுத்தில் சுற்றி இறுக்கிவிட்டேன். "பிள்ளை கோவிச்சுக்குவான்டி" என்று சொல்லிக்கொண்டே உன் அப்பாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன், காலையில் தலை கொஞ்சம் லேசாக இருந்தது. நேற்று நீ அமுக்கியிருப்பாய் போல, அது இரண்டு தடவை முனகியது, திரும்ப முடியவில்லை. உடனே கூப்பிடுவாய் என்று போனை மடியிலேயே வைத்திருந்தேன். அப்பாவுக்குச் செய்திதான் வந்தது, கேமரா ரிப்பேர் போல, ஆளை அனுப்புகிறேன் என்று. வருகிறவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ரிப்பேர் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்புவேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கோபத்துக்காக ஆசீர்வாதத்தில் நான் எதையும் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். பட்டையைக் கழற்றச் சொல்லிக் கூப்பிடாதே. கழுத்து எப்படி இருக்கிறது என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா