பிளக்கைப் பிடுங்கிய கை

ஜுபைல்

அன்பு மகள் சுஷ்மிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் உன் தொண்டையும் அங்கே சௌக்கியமாக இருக்க சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் இரண்டே வார்த்தையில் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், எனக்கு இப்போது சமாதானமாகும் உத்தேசம் இல்லை, அதனால்தான் கடிதம். ஹூஸ்டனுக்கு டிரெயினிங் வரும் அப்பா ஆபீஸ் ராஜீவ் கையில் பருப்புப்பொடியோடு கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவான். முதல் செய்தி, அப்பாவுக்கு ஃபைனல் எக்ஸிட் வந்துவிட்டது, இனி இந்த சவுதி வேலைக்கு முழுக்கு. இங்கே தமிழ்ச் சங்கத்துக் குடும்ப விழா முடிந்த கையோடு திருச்சிக்குக் கிளம்புகிறோம். வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், சோபா மட்டும் பாக்கி. அந்த சோபாவில்தான் போன வெள்ளிக்கிழமை கல்யாணசுந்தரம் வந்து உட்கார்ந்தார்.

அப்பாவின் மேனேஜர், சங்கத்துக்கு அசைக்க முடியாத தலைவர், இத்தனை வருடத்தில் நம் வீட்டுப் படி ஏறாத மனுஷன், ஸ்வீட் பாக்ஸோடு வந்து, “சுஷ்மி நம்ம ஜுபைல் பொண்ணு சிஸ்டர், விழாவுல பாடட்டும், பொன்னாடை போத்தி ஜமாய்ச்சிடுவோம்” என்கிறார். திடீர்ப் பாசத்துக்குக் காரணம் அப்பா சொல்லித்தான் தெரிந்தது. பிளான்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அமெரிக்க பாஸ் காரில் உன் பாட்டைத்தான் போட்டுக்கொண்டு போகிறானாம், இந்தப் பெண் உங்கள் ஆளா என்று இவரிடம் கேட்டானாம். அவன்தான் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். நீயும் அவருக்குப் போனில் சரி என்று சொல்லிவிட்டு என்னிடம், “பழசெல்லாம் மறந்துட்டேம்மா” என்கிறாய். நீ தாராளமாக மறந்துகொள். நான் மறக்கவில்லை.

அப்போது நீ பிளஸ் டூ படித்தாய். காம்பவுண்டு வீட்டைக் காலி செய்த அமெரிக்கக்காரனிடம் அப்பா வாங்கி வந்த கிட்டாரில், அவன் சும்மா கொடுத்த கௌபாய்க் கன்ட்ரி பாட்டு சிடிகளைக் கேட்டுக் கேட்டு நீயாகவே கற்றுக்கொண்டு, முதல் முதலாகச் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினாய். பிளான்ட் புகைபோக்கி உச்சியில் அணையாமல் எரிகிற நெருப்பைப் பற்றிய பாட்டு. ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த இஸ்திராஹா தோட்ட வீட்டில் குடும்ப விழா, நீ மேடையில் இரண்டாவது சரணத்தைத் தொடங்குகிறாய், இந்த மனுஷன் விறுவிறுவென்று போய் பிளக்கைப் பிடுங்கி, “கலாஸ், போதும், இந்த மாடு மேய்க்கிற பாட்டெல்லாம் யாருக்குப் புரியுது, யல்லா, அடுத்த ஐட்டம்” என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் மகள் ரக்ஷிதாவின் சினிமா டான்ஸ் தொடங்கிவிட்டது. அப்பாவின் கான்ட்ராக்ட் அவர் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரம், அப்பா வயரைச் சுருட்டினார், மறுநாள் டியூட்டியில் அவருக்குக் குட்மார்னிங் சொன்னார். அந்தக் குட்மார்னிங் இன்னும் என் வயிற்றில் எரிகிறது.

அதற்கப்புறம் அமெரிக்காவில் நீ பட்ட பாடு இவருக்கு என்ன தெரியும்? பகலில் ஹோட்டலில் தட்டுக் கழுவி, ராத்திரி குடிகாரர்கள் நடுவில் பாடி, பின்னால் ஒரு கம்பெனியும் இல்லாமல் ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய், பாடி முடித்ததும் மேசை போட்டு உன் ரெக்கார்டை நீயே விற்றாய். கன்ட்ரி பாடுகிறவர்கள் இது கன்ட்ரியே இல்லை என்றார்கள், மற்றவர்கள் இது வெறும் கன்ட்ரி என்றார்கள், நீ இரண்டுக்கும் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டாய். இப்போது எங்கோ இருக்கிற வெள்ளைக்காரனுக்கு ஜுபைல் நெருப்பு தெரிகிறது என்றால் அது உன்னால், சங்கத்தால் இல்லை.

கேள், பகவான் இருக்கிறார். கிட்டாரோடு நீ ஜுபைலில் நின்ற போட்டோ சங்கத்தில் வேறு கிடையாது, அதனால் அன்றைக்கு மேடையில் எடுத்ததையே வெட்டி, கல்யாணசுந்தரம் போஸ்டர் பண்ணி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். அவரை வெட்டிவிட்டார்கள், கையை வெட்ட மறந்துவிட்டார்கள். போஸ்டரின் ஓரத்தில் நவரத்தின மோதிரம் போட்ட ஒரு கை, கையில் கறுப்பு வயர், மேலே “ஜுபைல் வளர்த்த குயில்” என்று எழுத்து. நான் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன். மாற்றச் சொல்லி நீ வாயைத் திறக்காதே. மேடைக்குப் பின்னால் அதையே பெரிய பேனராகக் கட்டப்போகிறாராம், நல்லா கட்டட்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முதல் பாட்டாக அந்தப் பாட்டு, அதுவும் அவர் பிடுங்கிய அந்த இரண்டாவது சரணத்திலிருந்து. ஏன் அங்கிருந்து என்று மைக்கில் இங்கிலீஷில் சொல், முன்வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாஸுக்குப் புரியட்டும். பெயர் சொல்ல வேண்டாம், பேனரில் அந்தக் கையைக் காட்டினால் போதும், மோதிரத்தை அவர் எங்கே ஒளிப்பார் என்று நான் பார்க்க வேண்டும். பொன்னாடையைப் போர்த்திக்கொள்ளாதே, கையில் வாங்கி நிதானமாகக் கிட்டாரைத் துடை.

இதுவரைக்கும் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். விட்டுத் தொலை ஜெயா என்பார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். “பிளக் பாயின்ட் பக்கத்துல எனக்கு ஒரு சேர் போடச் சொல்லு. அவ பாடி முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார்.

பனிக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள், வேனில் தூங்காதே, பாடுகிற அன்றைக்குத் தயிர் வேண்டாம். தீர்க்காயுசாக இரு, உன் குரலை எவன் கையும் அணைக்காமல் இருக்கட்டும். மறக்காதே, இரண்டாவது சரணம்.

இப்படிக்கு,
முன்வரிசையில் உட்காரப்போகும் உன் அம்மா,
ஜெயபாரதி