கண் திறந்த கை

அக்கா,

இன்று காலையில் கூழ் வாளியின் மூடியைத் திறந்தேன். மூன்று நாள் ஊறிய செய்தித்தாளும் அரைத்துக் கலந்த வெந்தயமும் சேர்ந்த அந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. நாற்றம் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "நாத்தமாம்ல நாத்தம். மூக்கப் பொத்தாமப் பெசைடி, இதுதான் நாளைக்கு ஒனக்குச் சோறு போடும்" என்பீர்கள். பிசைந்தேன். முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. இனி இரண்டு நாளைக்கு என்ன சோப்புப் போட்டாலும் போகாது.

போன வாரம் உங்கள் தலைத்திவசம் முடிந்தது. அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வேறு யாரிடம் சொல்வது? உங்களோடு ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் பாத்திரம் பறக்கும் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. நம் வீட்டிலும் முதல் இரண்டு வருடம் பறக்கத்தான் செய்தது. உங்கள் வீட்டுக்காரர் கோயில் வாகனமும் நிலைக்கதவும் செய்கிற ஆசாரி. அவருடைய தம்பி, என் வீட்டுக்காரர், புதுவயல் அரிசி ஆலையில் பிட்டர். அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு நீங்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டைச் சுற்றி வருவோம். ஒருநாள் நீங்கள் பட்டறையிலிருந்து மரத்தூளை அள்ளிவந்து, கிழித்து ஊறவைத்த காகிதத்தில் போட்டு, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வீம்பு. நீங்கள்தான் நிமிராமல், "சும்மா நிக்கிறதுக்கு இங்குட்டு வந்து கைய வையி" என்றீர்கள். அன்றைக்கு வைத்த கைதான்.

காய்கறிக்காரி, சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர், பேருந்துக்குக் காத்திருந்து தூங்கிப்போனவர். அப்படித்தான் நம் பொம்மைகள் தொடங்கின. பொம்பளைகளின் பொழுதுபோக்கு என்று ஆண்கள் விட்டுவிட்டார்கள். பிள்ளையார்பட்டியில் ஒரு கடைக்காரர் வாங்கிவைத்தார், வெளியூர்க்காரர்கள் தங்குகிற வீடுகளில் கேட்டார்கள், நான் போனில் படம் எடுத்துப் போட்டேன், பார்சல் போகத் தொடங்கியது. அதற்கப்புறம்தான் அது பொழுதுபோக்கு இல்லை என்று அவர்களுக்கு உறைத்தது.

எல்லாம் நம் கையில் இருந்தது, கண் மட்டும் இல்லை. சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை, குளித்து விரதம் இருந்து ஆண்தான் திறக்க வேண்டும் என்பது நம் குடும்பத்து வழக்கம். கோயில் விக்கிரகத்துக்குச் சரி, இருந்துவிட்டுப் போகட்டும். பழைய செய்தித்தாளில் செய்த காய்கறிக்காரிக்கும் அதே சட்டம் என்றால் என்ன நியாயம்? வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் வீட்டுக்காரர் குளித்து, திருநீறு பூசி, மனைப்பலகையில் உட்காருவார். அரை மணி நேரத்தில் இருபது பொம்மைக்குக் கண் எழுதி முடித்துவிடுவார். நான் இரண்டு முழத் தூரத்தில் நிற்பேன். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுகிற பழக்கம் இல்லையே, அதனால் "அந்தப் புள்ளய வெளக்கக் கொண்டாரச் சொல்லு" என்று உங்களிடம் சொல்வார். வாங்க வருகிறவர்கள் "ஆசாரி செஞ்சதா?" என்று கேட்டால் "ஆமா" என்பார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கண் திறந்தவன்தான் செய்தவன் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு நீங்கள் அந்தக் களத்துப் பெண்ணைச் செய்தீர்கள். புதுவயல் உங்கள் பிறந்த ஊர். அப்பா போன பிறகு உங்கள் அம்மா ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைக்கிற வேலைக்குப் போனார். தலையில் துண்டு, தூக்கிச் செருகிய சேலை, நெல்லுக்குள் புதைந்த ஒரு கால். அந்தப் பெண்ணின் முதுகு வளைவுக்காக நீங்கள் நான்கு முறை உடைத்து உடைத்துச் செய்ததை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. உங்கள் வீட்டுக்காரர் அவளுக்கும் காது வரை நீண்ட, அகலத் திறந்த அம்மன் கண்ணை எழுதிவிட்டுப் போனார்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா அவளை வாங்கினார்கள். பத்து நாள் கழித்துப் போனில் ஒரு படம் அனுப்பினார்கள். பூஜை அலமாரியில் நம் களத்துப் பெண், நெற்றியில் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். கீழே, "எந்த ஊர் அம்மன்மா இது, பார்த்தாலே உடம்பு சிலிர்க்குது" என்று எழுதியிருந்தார்கள். நான் சிரித்து உருண்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உச்சி வெயில்ல நிக்கிறவ இப்புடியாடி முழிச்சுப் பாப்பா? எங்கம்மா கண்ணத் தொறந்து நான் பாத்ததே இல்ல, எந்நேரமும் சுருக்கிக்கிட்டுத்தான் இருக்கும்" என்றீர்கள். அன்றைக்கே இன்னொரு களத்துப் பெண்ணுக்குக் கூழ் பிசைய உட்கார்ந்துவிட்டீர்கள்.

அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்காரர் கதவு வேலைக்காக நாட்டரசன்கோட்டைக்குப் போய்த் தங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் மனைப்பலகையை எடுத்துப் போட்டு நீங்களே உட்கார்ந்தீர்கள். இன்னொரு தூரிகையை என் பக்கம் நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. "அக்கா, நான் இன்னிக்கு வீட்டுக்குத் தூரம்" என்றேன்.

"வெந்தயம் அரைக்கையில இல்லாத தீட்டு, கூழு பெசையையில இல்லாத தீட்டு, கண்ணு எழுதையில மட்டும் எங்குட்டு இருந்துடி வருது? பிடி."

பிடித்தேன். நீங்கள் உங்கள் அம்மாவுக்கு இரண்டு கோடுதான் போட்டீர்கள். சுருங்கிய இமைக்கு ஒன்று, அதற்கு அடியில் ஒன்று. வெயில் அவள் முகத்தில் வந்து விழுந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு ஆறு பேருக்கு நீங்கள் திறந்தீர்கள், மூன்று பேருக்கு நான் திறந்தேன். என் மூன்று பேரில் ஒருவருக்கு மாறுகண் விழுந்துவிட்டது. "இருக்கட்டும், ஊருல மாறுகண்ணு உள்ளவுக இல்லாமயா இருக்காக" என்று சொல்லி அவரையும் விற்றீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்து வரிசையைப் பார்த்தார். உங்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தே சொன்னார். "இந்த வீட்டுல ஆம்பள இல்லைன்னு முடிவு பண்ணியாச்சோ."

"இருக்கீக. ஆனா நீங்க களத்துல நின்னது இல்லயே."

"கண்ணு தொறந்த பொம்பள கை வெளங்காது. சொல்லிட்டேன்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நீங்கள் சோற்றை மூடிவைத்துவிட்டு, "பசிச்சா வருவாக" என்று அடுத்த பொம்மைக்குக் கம்பி வளைக்கப் போய்விட்டீர்கள். காலையில் அந்தச் சோற்றைத்தான் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். வெள்ளிக்கிழமை மனைப்பலகை அதற்கப்புறம் நம்முடையதாகிவிட்டது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டம். ஆனாலும் எழுதுகிறேன்.

நின்றுபோயிருந்த தூரம் உங்களுக்குத் திரும்ப வந்தது கண் திறந்து இரண்டு வருடம் கழித்து. அடிவயிறு வலிக்கிறது என்று அதற்கும் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சூடு என்றார்கள். வெந்நீர் குடி என்றார்கள். அந்த ஆவணியில், சேலையில் பட்ட கறையை நீங்கள் கொல்லையில் அலசும்போது நான் பார்த்துவிட்டேன். அப்போது நமக்குக் கொலுவுக்காக நாற்பது களத்துப் பெண்கள் கேட்டிருந்தார்கள். அதுவரை வராத ஆர்டர். "டாக்டர்ட்ட போவமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் கேட்டீர்கள் அக்கா. "நவராத்திரி முடியட்டும்க்கா, மறுநாளே போவோம்" என்று சொன்னவள் நான். முடிந்தது, மறுநாளே போனோம். இங்கே இருந்த டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு உடனே மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கட்டி கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். மாசியில் போய்விட்டீர்கள்.

உங்களை எடுத்துக்கொண்டு போய் நான்கு நாள் ஆகவில்லை. நம் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து வந்தவர்களிடம் சொல்கிறார். "எங்கண்ணன் அப்பவே சொன்னாக. தொறக்கக் கூடாத கண்ணத் தொறந்தா, இவ கண்ணு மூடிருச்சு." கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு நான் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். கண் திறந்தது இரண்டு பேர். அதிலும் தீட்டோடு திறந்தவள் நான். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். சாமி ஆள் மாறித் தூக்கிவிட்டதா? வயிறு வலிக்கிறது என்று சொன்னவளுக்கு வெந்நீர் கொடுத்த வீடு இது. கொலு முடியட்டும் என்று சொன்ன நாக்கு என்னுடையது. இத்தனை இருக்க, இரண்டு கோடு மையின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்வார்களாம்.

ஒரு வருடமாக இதேதான். நீயாவது நிறுத்து என்றார்கள். நிறுத்த வேண்டாம், கண்ணை மட்டும் அவரிடம் விட்டுவிடு என்றார்கள். என் வீட்டுக்காரர்கூட, "எதுக்கு வம்பு" என்றார். "வம்புதான்" என்றேன்.

தலைத்திவசத்துக்கு வைக்க உங்களுடைய படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. ஆதார் அட்டைக்கு எடுத்தது, திருடியைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருப்பீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் தலையும் தோளும் மட்டும் நானே செய்தேன். இருபது நாள் ஆனது. கண்ணை மட்டும் அன்றைக்குக் காலையில் எழுதலாம் என்று விட்டிருந்தேன், அதற்கு முன்னால் எனக்குத் தைரியம் வரவில்லை. கூடத்தில் கொண்டுவந்து வைத்ததும் நாத்தனார் எழுந்துவிட்டார். "இந்த ஒன்னாச்சும் மொறையா நடக்கட்டும். எங்கண்ணன் தொறக்கட்டும்."

அவரும் குளித்துத்தான் இருந்தார். மனைப்பலகையில் உட்கார்ந்து தூரிகையை மையில் தொட்டார். கை உங்கள் முகத்துக்குப் போகும் முன்னால் நான் வாயைத் திறந்தேன். பத்தொன்பது வருடத்தில் அவரைப் பார்த்து நேராக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அத்தான். அக்கா கண்ணு எப்புடி இருக்கும்னு சொல்லுங்க. சொல்லிட்டு எழுதுங்க."

அவர் திரும்பிச் சுவரோரம் சாய்த்திருந்த அந்த ஆதார் படத்தைப் பார்த்தார். நான் போய் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். "இதப் பாக்காமச் சொல்லுங்க" என்றேன். நாத்தனார், "என்னடி இம்புட்டுத் திமிரு ஒனக்கு" என்று வந்தார். அவர் கையைக் காட்டித் தங்கையை நிறுத்தினார். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரிகை முனையில் மை காய்ந்துவிட்டது.

"நான் அவ மொகத்தப் பாத்துப் பேசுனதே இல்லம்மா" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சுவரைப் பார்த்து அல்ல. தூரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் பலகையிலிருந்து எழுந்தார். அவரை நோகடித்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன், வருத்தமும் இல்லை. ஆனால் எழுந்தவர் வெளியே போகவில்லை. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சிறிது. அந்த இமை சற்றுத் தாழ்ந்திருக்கும், பொய் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது இன்னும் தாழும். வலது கண்ணின் ஓரத்தில் எள் மாதிரி ஒரு மச்சம். எல்லாம் எழுதினேன். முடித்ததும் உங்கள் வீட்டுக்காரர் மச்சத்தைக் காட்டி, "இது எப்பருந்து?" என்று கேட்டார். "பொறந்ததுல இருந்து" என்றேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயசம் மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நவராத்திரி முடியட்டும் என்று நான் சொன்ன சொல் என்னிடம்தான் இருக்கிறது அக்கா. அதை நான் இறக்கிவைக்கப் போவதில்லை. சாமி குத்தம் என்று நம்பிவிட்டால் எனக்கும் லேசாகத்தான் இருக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அந்தத் தூக்கம் வேண்டாம். களத்துப் பெண்களை அனுப்பும்போது இப்போதெல்லாம் வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், உடம்புக்கு ஏதாவது என்றால் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்கிறீர்களா என்று. சிலர் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். ஒரு அம்மா போனிலேயே அழுதார்.

எனக்கும் ஒரு நாள் ஏதாவது வரும். காய்ச்சலோ, கட்டியோ, ரோட்டில் நெல் லாரியோ. அன்றைக்கும் நாலு பேர் இந்தக் கூடத்துக்கு வந்து, "கண்ணத் தொறந்தால்ல, அதான்" என்று சொல்வார்கள். வந்து சொல்லட்டும். அப்போது இந்த நான்கு சுவரிலும் வரிசையாக நீங்கள் திறந்த கண்ணும் நான் திறந்த கண்ணும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தனை கண்ணையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, முடிந்தால் சொல்லட்டும்.