மிளகாய் போடாத பங்கு

அக்டோபர் 4

இன்றும் துலூம் போகும் பேச்சை எடுத்தேன். இன்றும் அம்மா காது கேட்காதவள் மாதிரி கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். "கடலோரம் போய் அந்தப் பழைய கோயிலைப் பார்த்துட்டு வரலாம்மா. நம்ம மாயா இனத்து முன்னோர் கட்டினது. எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறான். பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம், நாம இன்னும் பார்த்ததில்ல."

"அவனுங்களுக்கு வேற வேலை இல்லடி. எனக்குக் கல்லு பார்க்க நேரமில்ல."

கல்லைப் பார்க்கவா கூப்பிடுகிறேன்? அவளுக்கும் தெரியும். என் தம்பி எல்மர் அங்கேதான் படகோட்டினான். சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போய், குன்றின்மேல் நிற்கும் கோயிலைக் கடல் பக்கமிருந்து காட்டுவான். ஜனவரியில் வாடைக்காற்று சீறி அடித்த அன்று போனவன்தான். படகு பவளப்பாறையில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

"செத்திருந்தா உடம்பு ஒதுங்கியிருக்கும்." அம்மாவுக்கு இந்த ஒரே பதில்தான். ஒன்பது மாதமாக இதையே கேட்கிறேன். அந்த இடத்தில் அவளை ஒருமுறை நிறுத்திவிட்டால் போதும், கடலைப் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன். புரிந்துகொண்டு உடைந்துபோனால்?

அக்டோபர் 9

துலூமிலிருந்து தம்பி மனைவி மிர்னா கூப்பிட்டாள். ஆத்மாக்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள் நெருங்குகிறது அல்லவா, அவளுக்குத் தூக்கமே இல்லையாம்.

"அண்ணி, அவர் போட்டோவைப் படையல் மேசையில வைக்கவா வேண்டாமா? எல்லார் வீட்டுச் செத்தவங்களும் சாப்பிடும்போது இவர் வந்து நின்னு, தனக்கு இலை இல்லன்னு திரும்பிப் போனார்னா?"

என்ன சொல்ல? பங்கு வைத்தால் உயிரோடிருக்கிறவனை நாங்களே கொன்ற மாதிரி. வைக்காவிட்டால் பசியோடு அனுப்பிய மாதிரி. இருதலைக் கொள்ளி எறும்புதான் நான்.

குழந்தை கஸ்பாருக்கு மூன்று வயது. அவன் கையில் கட்ட அம்மாவிடமிருந்து கறுப்பு நூல் கேட்டாள். வருகிற ஆத்மாக்கள் பாசத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடாமலிருக்கக் கட்டுவது. பாட்டி கையால் கட்டினால்தான் பலம். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"நூலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இந்த வீட்டுல செத்தவர் உன் மாமனார் ஒருத்தர்தான். உசுரோட இருந்தப்பவே பிள்ளைங்களைத் தூக்காத மனுஷன், செத்தப்புறமா தூக்கப் போறாரு?"

மிர்னா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நானும்தான்.

அக்டோபர் 15

அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன்.

எல்மரின் கூட்டாளி ஒருவன் துலூமில் இருக்கிறான், ஏதோ தகவல் வைத்திருக்கிறானாம், உன்னிடம்தான் சொல்வானாம் என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. சோளமாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"எப்ப போறோம்?"

முப்பதாம் தேதி என்றேன். போய்விட்டு மறுநாளே மிர்னாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திரும்பினால், ஒன்றாம் தேதி அப்பாவுக்குப் படைக்க வீட்டில் இருக்கலாம். திட்டம் சரிதான். பாவி, நான்தான் சரியில்லை.

அக்டோபர் 21

அம்மா பாடுகிறாள். தாங்க முடியவில்லை.

அக்டோபர் 27

தைக்க வந்த துணியெல்லாம் முடித்துக் கொடுத்தேன். ஆத்மாக்கள் நடமாடும் நாட்களில் ஊசியைத் தொடக்கூடாது, அவர்களைக் குத்திவிடும்.

அம்மா எல்மரின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுப் பையில் வைத்தாள். சோள அப்பமும் கட்டினாள். அதில் மிளகாய் இல்லை. எல்மர் நாக்கில் மிளகாய் பட்டால் போதும், கண்ணில் தண்ணீர் கொட்டும். "வெள்ளைக்காரனுக்குப் பொறந்தவனே" என்று அப்பா கேலி செய்வார்.

சட்டை எதற்கு என்று கேட்டேன்.

"வரும்போது மாத்திக்க ஒண்ணு வேணாமா?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இன்றே. சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள் — யாரைக் கேட்கிறேன்?

அக்டோபர் 30, துலூம்

மிர்னாவின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோயிலுக்குப் போனோம். கூட்டம். உடும்புகள் கல்மேல் படுத்திருந்தன, யாருக்கும் நகரவில்லை. அம்மா எதையும் பார்க்கவில்லை, குன்றின் விளிம்புக்கு நேராக நடந்தாள். கீழே கடல். ஒதுங்கிய கடற்பாசி அழுகிய நாற்றம். தூரத்தில் பவளப்பாறைமேல் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது.

"படகு அங்கதான் கிடைச்சது அத்தை" என்றாள் மிர்னா.

அம்மா நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, கூட்டாளி யாரும் இல்லம்மா. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா வந்தே?"

"பொய் சொல்லும்போது நீ இல்லாத ஊசியைத் தேடுவே. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாராவது கூப்பிட்டாத்தானே வர முடியும். நானா கிளம்பி வந்தா, அவன் போயிட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

கஸ்பார் தடுப்புக் கயிற்றைத் தாண்டி விளிம்புப் பக்கம் ஓடினான். காவலாள் சத்தம் போட்டான். மிர்னா பாய்ந்து பிடித்து இழுத்து வந்தாள். அம்மா அங்கேயே உட்கார்ந்து அவனை மடியில் இருத்திக்கொண்டாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கறுப்பு நூலை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்! அவன் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள்.

மிர்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, நூல் வேண்டாம்னீங்களே."

"உன் மாமனார் தூக்க மாட்டார்" என்றாள் அம்மா. "இவன் அப்பன் தூக்காம இருக்க மாட்டானே."

அப்புறம்தான் அழுதாள். பத்து மாதத்து அழுகை. எங்களைச் சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் சத்தமாகவே அழுதேன்.

நவம்பர் 1, வீடு

குழியைத் தோண்டி, படையலுக்காக வாழையிலையில் கட்டிச் சூடான கற்களுக்கடியில் புதைத்த மாவை எடுத்தோம். நன்றாக வெந்திருந்தது. மேசையில் அப்பா படம் மட்டும்தான். எல்மர் படத்தை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்பாவின் பங்குக்குப் பக்கத்தில் மிளகாய் போடாத ஒரு பங்கை அம்மா வைத்தாள். நீலச் சட்டையை நாற்காலி முதுகில் போட்டாள்.

நான் கதவைச் சாத்தப் போனேன்.

"திறந்தே இருக்கட்டும்டி" என்றாள். "சூடா இருக்கும்போதே வரட்டும்."