கடைசி வரியில் வைத்த செய்தி

இன்று மதியம் ஒரு முதலாண்டு மாணவி என் மேசையிலிருந்த உன் சொம்பைக் கையில் எடுத்துவிட்டாள். கட்டுரை கொடுக்க வந்தவள். நான் அதைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கை சும்மா இருக்கவில்லை. அதே எவர்சில்வர் சொம்புதான். விளிம்பில் அந்தப் பழைய நசுங்கல், கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய உன் பெயர். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாருதுங்க மேடம்?" என்றாள்.

இதழியல் படிக்க வந்தவள் கேள்வி கேட்கத்தான் செய்வாள். பதில் சொல்ல வாய் திறந்து, அப்படியே நிறுத்திக்கொண்டேன். பிறகு என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உனக்கு எழுதும்போது உன் முறைப்படிதானே எழுத வேண்டும்.

ஆகவே முதலில் மழை. இந்த வருடம் மலையில் நல்ல மழை, சாமை நன்றாக வந்திருக்கிறது என்று உன் தம்பி போனில் சொன்னான். ஜமுனாமரத்தூர் போகிற வழியில் வளைவுகளை அகலமாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் நான் அதே இடத்தில்தான் வாந்தி எடுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறேன். கண்டக்டருக்கே என்னைத் தெரிந்துவிட்டது. சந்தவாசலில் எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மா இப்போதும் புளிக் குழம்பு வைக்கும்போதெல்லாம், உங்கள் மலைப் புளி மாதிரி வராது என்று கடைக்காரரைத் திட்டுகிறாள்.

நீ மலைமேல், நான் அடிவாரம். ஒரே பக்கத்துப் பிள்ளைகள் என்று பல்கலைக்கழக விடுதியில் நம்மை ஒரே அறையில் போட்டார்கள். தகவல் தொடர்பியல் முதுகலை. எனக்குப் பேச்சு நிற்காது, உனக்குப் பேச்சு ஆரம்பிக்காது. நான் எதையும் மாடிப்படியிலேயே கத்திக்கொண்டு வருவேன் என்பதால் எனக்கு 'சந்தவாசல் மைக் செட்' என்று பெயர் வைத்தாய். அந்தப் பெயர் வகுப்பு முழுக்கப் பரவியது. பேசாதவள் செய்த விளம்பரம் அது.

செய்தி எழுதும் முதல் வகுப்பை மறந்திருக்க மாட்டாய். முக்கியமான விஷயம் முதல் வரியில் வர வேண்டும், மற்றதெல்லாம் அதற்குக் கீழே என்று பேராசிரியர் பலகையில் தலைகீழ் முக்கோணம் போட்டுக் காட்டினார். ஒரு பேருந்து விபத்தைச் செய்தியாக எழுதச் சொன்னார். நாங்கள் எல்லோரும் இறந்தவர்களை முதல் வரியில் கொண்டுவந்து நிறுத்தினோம். நீயோ காலையிலிருந்து தூறிய மழையில் ஆரம்பித்தாய். சந்தைக்குப் போகிறவர்கள் புளி மூட்டையோடு ஏறினார்கள், டிரைவர் டீ குடித்தார், ஒரு கிழவி ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று போய்க்கொண்டே இருந்தது.

பேராசிரியர் தாளை ஆட்டினார். "செத்தவங்க எங்கம்மா?"

"கடைசில கீறாங்க சார்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "அதுவரைக்கும் யாரும்மா படிப்பா?"

"அவங்க வூட்டுக்காரங்க படிப்பாங்க சார்," என்றாய்.

சிரிப்பு அடங்கிப்போனது. அவர் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். மதிப்பெண் மட்டும் போடவில்லை.

அன்று சாயங்காலம் விடுதி மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது உன்னைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா டீ அது, கதை மாதிரி எழுதி வச்சிருக்க?"

"எங்க ஊர்ல கெட்ட சேதின்னா அப்படித்தான் டீ. கொணாந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுப்பாங்க. குடிச்சதும் மழைய கேப்பாங்க, வழிய கேப்பாங்க, வூட்ல எல்லாம் எப்படி கீறாங்கன்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டுத்தான் அத சொல்லணும். வாசல்ல நின்னு சொன்னா அப்புறம் அந்த வூட்ல யாரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க."

"இன்னாத்துக்கு இவ்ளோ சுத்து?"

"மலை ஏறி வந்தவங்க களைச்சிப் போயிருப்பாங்க இல்ல. மூச்சு வாங்கட்டும்னுதான்."

"அப்ப நான் கத்திக்கினு வர்றதுலாம் தப்பா?"

"நல்ல சேதிய வாசல்லயே கத்து, யாரு வேணாங்கிறாங்க," என்று என் தலையில் ஒரு பாவாடையைப் போட்டுவிட்டுப் போனாய்.

படித்து முடித்து நான் கல்லூரியில் பாடம் நடத்த வந்தேன். நீ வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மக்கள் தொடர்பு அதிகாரி ஆனாய். பத்திரிகைக்குக் குறிப்பு எழுதுவது, முகாம்களுக்கு விளம்பரம் செய்வது, இவைதான் உன் வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் உன்னைப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு குடும்பத்தின் நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். டாக்டர் வெளியே வந்து என்ன சொல்லப் போகிறார் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன் மேசைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவரையும் குடிக்கவைத்து, எந்த ஊர், அங்கே மழையா, கறவை மாட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நெருக்கடி நேரத்தில் எப்படிப் பேசுவது என்று நான் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறேன். நீ அதை அந்த பெஞ்சில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வழக்கம்போலக் கேலி மட்டும்தான் செய்தேன்.

அப்புறம் அதே ஆஸ்பத்திரியில் நீயே படுத்தாய். ரத்தப் புற்று. அப்பாவிடம் மட்டும் ரத்தம் கொஞ்சம் கம்மி என்று சொல்லி வைத்திருந்தாய். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அப்பாக்கு போன்ல தெரியக்கூடாது டீ. நீ போ. நேர்ல போய், தண்ணி குடிச்சிட்டு சொல்லு."

ஒரு விடியற்காலையில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரி வேலைகளை முடித்து உன்னோடு வண்டியில் வருவதற்குத் தம்பி இருந்தான். எனக்குப் பயமெல்லாம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பற்றித்தான். எல்லோரும் பத்திரிகை, டிவி, மக்கள் தொடர்பு என்று முந்திக்கொண்டு சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். ஒருவர் உன் படத்தைப் போட்டுவிட்டால் போதும். உன் எதிர் வீட்டுக்காரர் போனில் வந்துவிடும், அவர் அப்பாவிடம் ஓடிவிடுவார். குறித்த நேரத்துக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்று செய்திக்குத் தடை போடுவதைப் படித்தோமே, அதைத்தான் செய்தேன். 'அவள் போய்விட்டாள். அவள் அப்பாவிடம் நான் நேரில் சொல்லும்வரை யாரும் எதுவும் போட வேண்டாம். படமும் வேண்டாம், மெழுகுவர்த்தியும் வேண்டாம்' என்று எழுதினேன். ஒவ்வொருவராக 'சரி' என்று மட்டும் போட்டார்கள். நீ பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். அத்தனை ஓட்டை வாயும் அன்று மூடியிருந்தது.

கார் எடுக்கலாம் என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன். காலையில் உன் ஊருக்குள் ஒரு கார் வந்து நின்றால், நான் வாய் திறப்பதற்கு முன் அந்தக் காரே சொல்லிவிடும். போளூர் போய் மலை பஸ் பிடித்தேன். ஏற ஏற போனில் சிக்னல் குறைந்தது. அது சுத்தமாகப் போனபோது சாமிக்கு நன்றி சொன்னேன்.

அப்பா வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாம்மா. தனியாவா வந்த?" என்றவர், பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

"கீழ மழையா?"

"தூறல்தாம்ப்பா."

"பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சிதா?"

"கெடச்சிதுப்பா."

"நடவு ஆயிடுச்சா உங்களுது?"

"ஆயிடுச்சுப்பா."

"அம்மாக்கு முட்டி வலி?"

"இப்ப தேவலப்பா."

அவ்வளவுதான், கேள்விகள் முடிந்துவிட்டன என்று நினைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு வாய் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கீழ மழையாம்மா?" என்றார் மறுபடியும்.

அவர் கையைப் பார்த்தேன். சாமையை இறுக்கிப் பிடித்திருந்தார், விரலிடுக்கில் அது கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. வந்தவள் மூச்சு வாங்கட்டும் என்று நீ சொன்னாயே, அதில் பாதிதான் உண்மை. கேட்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

மழையைப் பற்றிச் சொன்னேன். வேலூரில் எப்படி இருந்தது, போளூரில் எப்போது விட்டது, மலையில் எந்த வளைவில் பனி மூடியது, கண்டக்டர் டார்ப்பாயை எப்படி இழுத்துக் கட்டினார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு நிதானமாக நான் எதையும் சொன்னதில்லை. சந்தவாசல் மைக் செட்டை அன்று நீ பார்த்திருக்க வேண்டும். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கையைத் தட்டிவிட்டு, "ம், சொல்லும்மா," என்றார்.

சொன்னேன்.

கொட்டிய சாமையைக் கூட்டி அள்ளிவிட்டு, "அவதான் உன்ன அனுப்பிச்சாளா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அழுதது அதற்கப்புறம்தான்.

காரியம் முடிந்த பிறகு தம்பி இந்தச் சொம்பைக் கொடுத்தான். அன்றிலிருந்து என் மேசையில் இருக்கிறது. முக்கியமானதை முதல் வரியில் எழுது என்று நானும் பலகையில் முக்கோணம் போடுகிறேன், தேர்வுக்கு அது வேண்டும். போட்டுவிட்டு வந்து உன் சொம்பில் தண்ணீர் குடிக்கிறேன். உன் ஞாபகம் வராத வகுப்பே கிடையாது.

இன்று அந்தப் பெண் "யாருதுங்க மேடம்?" என்று கேட்டாள் அல்லவா. சொம்பை வாங்கி, தண்ணீர் பிடித்து, அவள் கையிலேயே கொடுத்தேன். "ஒக்காரு. குடி மொதல்ல." ஒன்றும் புரியாமல் குடித்தாள். எந்த ஊர் என்றேன். கலசப்பாக்கம் பக்கம் என்றாள். அங்கே மழையா என்றேன். நேற்று நல்ல மழை, வயலில் வரப்பு உடைந்துவிட்டது, அப்பா மண்வெட்டியோடு ஓடினார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு நீ இன்னும் எங்கேயோ இருக்கிறவள், சொம்பை மறந்துவிட்டுப் போனவள், எந்த நேரமும் வந்து திரும்பக் கேட்கக்கூடியவள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன்.