மிச்ச ஜோடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனத்தைப் பற்றிக் கேட்காதே, அது படிக்கும்போதே தெரிந்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தம்பி பக்கத்தில் வந்து நிற்கிறான், எழுத்தில் அந்த ஆபத்து இல்லை.

நம் செருப்புக் கடையைப் பார்சல் கம்பெனிக்குக் கிடங்காக விட அவன் பேசி முடித்துவிட்டான். கடை நம் மூவர் பெயரிலும் இருப்பதால் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவன் போட்டாயிற்று. உனக்கும் பத்திரத்தை அனுப்பிவிட்டானாம், அதை எனக்குச் சொன்னவர் எதிர்க் கண்ணாடிக் கடைக்காரர். நீ போனில் மழையைப் பற்றிப் பேசினாய், குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசினாய், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்துத் துணிக்கடையின் ஷட்டரில் துரு ஏறிவிட்டது, பொம்மைக் கடை போன இடத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். நம் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், போட்டுப் பார்க்கிறார்கள், உள்பக்கம் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய்ப் போனில் வாங்குகிறார்கள். "நாம ஆன்லைன் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காம வேலை பாக்கறோம்மா" என்கிறான் உன் தம்பி. நான் பெட்டிகளைத் துடைத்தேன்.

போன வாரம் ஆபீஸ் போகிற பெண் ஒருத்தி அலமாரியில் பாதியைக் கீழே இறக்கவைத்து, உன் அப்பாவின் சட்டப்படி வாசல்வரை நடந்தும் பார்த்துவிட்டு, போனை வெளியே எடுத்தாள். இது போட்டோ ஸ்டூடியோ இல்லை என்றேன். "கோவிச்சுக்காதீங்கம்மா, போன்ல வாங்கினா வீட்டுக்கே வருது, பிடிக்கலைன்னா திருப்பியும் எடுத்துக்கறாங்க" என்றாள். காலில் போட்டு நடந்து பார்த்து வாங்கினால் திருப்பித் தரும் வேலையே இல்லை என்று, கான்வென்டில் சிஸ்டர் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வாரே, அந்தத் தோரணையில் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்சல்காரர் வாசலில் நின்று, "செருப்புக் கடையம்மா, உங்களுக்கு ஷூ வந்திருக்கு, ரெண்டு பெட்டி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். அவள் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள், அதுதான் தாங்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார். "என்னம்மா, உங்க கடையில உங்க சைஸ் ஸ்டாக் இல்லையா?"

திருப்பி அனுப்பு என்றேன். "அக்கா ஆசையா அனுப்பியிருக்கா, பிரிச்சாவது பாரும்மா" என்றான் உன் தம்பி. தவறுதலாக இரண்டு தடவை வாங்கிவிட்டாய், உன் கவனக்குறைவு போகவில்லை என்று திட்டிக்கொண்டேதான் பிரித்தேன். இரண்டிலும் ஒரே மாதிரிக் கறுப்பு ஷூ, ஒரு ஜோடி சிறியது, ஒரு ஜோடி பெரியது. அப்புறம்தான் புரிந்தது. என் இடது கால் பெரிது என்பதை நீ மறக்கவில்லை. உன் அப்பா ஜோடி பிரிப்பாரே, ஒரு பெட்டியில் இடது, இன்னொரு பெட்டியில் வலது என்று. ஜோடியைப் பிரித்தால் மிச்சத்தை யார் வாங்குவார்கள் என்று மொத்த வியாபாரி சண்டைக்கு வந்தால், அதற்குரிய கால் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது, வரும் என்பார். வரவும் வந்தது. நீ அனுப்பியதைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தேன். குறை சொல்ல எதையாவது தேடினேன், கிடைக்கவில்லை.

மிச்சத்தை, சிறிய இடதும் பெரிய வலதுமாக, முன் தட்டில் வைத்திருக்கிறேன். அந்த ஜோடி இந்தக் கடையில் விற்ற அன்றைக்குத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். "சரி, போட்டோ எடுத்துப் போன்ல போடறேன், நாளைக்கே போயிடும்" என்றான். போட்டால் தெரியும் என்றேன். "அப்போ விக்கறதுக்கு வைக்கல, விக்கக் கூடாதுன்னுதான் வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு ஷட்டர் அதிர வெளியே போனவன், அதிலிருந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். நீயும் அதுவரை கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் உன் கையாலேயே எனக்கு எழுது.

இதுவரை எழுதியதும் ஆள் வந்த சத்தம் கேட்டு எழுந்து போனேன். அந்தப் போட்டோ பெண்தான். போனில் வாங்கியதில் வலது கால் கடிக்கிறதாம், பெரியது வாங்கினால் இடது கால் கழன்று ஓடுகிறதாம், இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டாளாம். "நீங்க திட்டினாலும் பரவாயில்லைம்மா, கொஞ்சம் பாருங்க" என்கிறாள். முன் தட்டை அவள் இன்னும் பார்க்கவில்லை. கால் அளவுப் பலகையைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே வந்து எழுதுகிறேன். பலகை மடியில்தான் இருக்கிறது. அவளுக்கு விற்றால் என் வாக்குப்படி கடை போகிறது. இல்லையென்று அனுப்பினால், இத்தனை நாள் எந்தக் கடைக்காக உன் தம்பியோடு சண்டை போட்டேன்? உன் அப்பா இருந்தால் இதற்குள் எடுத்து அவள் காலில் மாட்டியிருப்பார்.

நான் போகிறேன், அவள் காத்திருக்கிறாள். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், ஒருவரை ஒருவர் விடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். குழந்தைக்கு ஷூ வாங்கும்போது எண்ணை நம்பாதே, நிற்க வைத்து, கட்டைவிரல் முன்னால் உன் விரலால் அழுத்திப் பார், பிறகு நடக்கவிட்டுப் பார். பத்திரத்தைப் பற்றி மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை, அதற்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

நீ அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்,
அம்மா