அம்மா இறந்தபோது நான் இருந்த ஊர்

1996 மார்ச் 11, திங்கள்

கரைந்த பனி மறுபடி உறைந்துவிட்டது. எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளைச் சுற்றி நடைபாதை முழுக்க வழுக்கல். அப்பா வேலைக்குப் போகும்போது விழுந்திருக்கிறார். சொல்லவில்லை. முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்துத்தான் தெரியும்.

சனிக்கிழமை அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. வீடு நிறைய இரவல் பாத்திரங்கள்.

செய்ய வேண்டியவை: பெரியம்மாவின் சட்டிகள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவின் கண்ணாடி, சப்பாத்து. கல்லூரிக்குப் பதில், வெள்ளிக்குள் தபாலில்.

கடைசியைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். இரண்டு ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டும் அமெரிக்காவில். ஒன்று பெரிய நகரத்தில், சித்தி வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். மற்றது மலைகளுக்குள். கிராமங்களுக்குக் குடும்ப டொக்டர்களை உருவாக்கவென்றே நடத்துகிறார்கள்.

மலைக் கல்லூரியில் நேர்முகம் நடந்த அன்றுதான் அம்மா இறந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

மேகமூட்டம். சட்டிகளை எடுக்கப் பெரியம்மாவே வந்துவிட்டார்.

"உது என்ன படிப்பு பிள்ளை? எலும்பு முறிஞ்சாக் கட்டுறதே?"

"இல்லைப் பெரியம்மா, முழு டொக்டர்தான். மருந்து, ஒப்பரேசன் எல்லாம் இருக்கு. கையால உடம்பைப் பாத்து வைத்தியம் செய்யவும் படிப்பிப்பினம்."

"அப்ப ஏன் இஞ்ச ஒரு இடத்திலயும் எடுக்கேல்லை?"

பேச்சை மாற்றினேன். இங்கே கனடாவில் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் இல்லை என்றாகிவிட்டது. அங்கே படித்துவிட்டுத் திரும்பினால் ஒன்ராறியோவில் வேலை செய்ய விடுவார்களா? கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள்.

நான் தேத்தண்ணி ஊற்றும்போது அவர் ரெலிபோனில் யாரிடமோ, குரலைத் தாழ்த்தி: "தாய் சாகக் கிடக்க இன்ரவியூவுக்குப் போன பிள்ளையெல்லே..."

தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். குடித்தார். நல்ல சாயம் என்றார்.

போகச் சொன்னதே அம்மாதான். இன்னும் சில கிழமை இருப்பார் என்றுதான் டொக்டர்மாரும் சொன்னார்கள். "போட்டு வா. நான் எங்கயும் ஓடமாட்டன்." இதை யாருக்குப் போய் விளங்கப்படுத்துவது.

மார்ச் 13, புதன்

மழையும் பனியும் கலந்து. லைப்ரரி வேலைக்குப் போகவில்லை.

நேர்முகத்துக்குப் போன அன்றைய நாளை எழுதி வைக்க வேண்டும். இப்போதே துண்டு துண்டாகத்தான் நினைவு.

காலையில் மலைக் கல்லூரியின் ஒரு வயதான டொக்டர், பெண், தன் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். சின்ன வீடு மாதிரி இடம். முதுகு பிடித்துக்கொண்ட ஒரு விவசாயி. டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு அவர் முதுகை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எவ்வளவு நேரம்! அந்த மனுசன் கன்று போட்ட மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி டொக்டர்மாரைப் பற்றி அம்மா சொன்னது எனக்கு நினைவு வந்தது. "உவங்கள் ஸ்கான் படத்தைத்தான் பாக்கிறாங்கள், என்னைத் தொட்டுப் பாக்கேல்லை."

மத்தியானம் நேர்முகம். அதே டொக்டரும் வேறு இரண்டு பேரும். "ஏன் கிராமத்துக்கு வர விரும்புகிறாய்?" வாயைத் திறக்கிறேன், கதவு தட்டுகிறார்கள். கனடாவிலிருந்து அழைப்பு வந்ததாம், அம்மாவுக்குக் கடுமை, உடனே வரட்டாம்.

பதில் சொல்லவேயில்லை. இடம் தந்திருக்கிறார்கள்.

கனடாவுக்கு அடுத்த பஸ் மறுநாள்தான். டொக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். எல்லையிலுள்ள பஃபலோ வரை அவரே ஓட்டினார். "நான் பேசமாட்டேன். நீ அழு, அல்லது நித்திரை கொள்." ஒரு பெற்றோல் நிலையத்தில் சூப் வாங்கி, நான் குடித்து முடிக்கும் வரை காரை எடுக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

வெயில். குளிர் குறையவில்லை.

அப்பா தானாகக் கேட்டார். "என்ன முடிவு?"

"மலைக்குப் போகலாமெண்டு நினைக்கிறன்."

"சித்தியின்ரை பக்கம் போ. எங்க வேணுமெண்டாலும் போ. அந்த ஊர் வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். யன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்டைக்கு அம்மாவுக்குக் கடுமையாப் போச்சு, உன்னைக் கூப்பிட அந்தக் கொலிச்சுக்குப் போன் எடுத்தனான். என்ரை இங்கிலிசு அவைக்கு விளங்கேல்லை. உன்ரை பேரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்லிச்சினம். ஜே, ஈ, வை... பிழைச்சுப் போச்சு, திரும்பவும் முதலிலயிருந்து. சொல்லி முடிச்சுக் கட்டிலடிக்கு வந்து பாத்தால் அம்மா இல்லை."

தெரியாது. இத்தனை நாளும் சொல்லவில்லை. கடைசி வரை அம்மாவோடு கூடவே இருந்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிட்டப் போய் இருந்தேன். கையைப் பிடிக்க விட்டார்.

மார்ச் 15, வெள்ளி

காலை முழுக்க யோசனை. சித்தி வீடு, சோறு, தமிழ்க் கடை, எல்லாம் நகரத்தில். அங்கே போவதுதான் புத்தி. ஆனால் அந்தக் கல்லூரியில் யாருக்கும் அம்மா இறந்தது தெரியாது. யாராவது கேட்டால் சிரித்துச் சமாளிக்க வேண்டும். மலையில் அந்த டொக்டர் மனுசிக்காவது தெரியும். கிராம வைத்தியம் பற்றி எழுதிய பெரிய காரணங்களெல்லாம் பொய்யில்லை. ஆனால் இன்று என்னிடம் இருக்கும் காரணம் இதுதான்.

மலைக்கு ஓம், வருகிறேன் என்று எழுதிப் போட்டாயிற்று. தபால் கந்தோரில் முன்னால் நின்ற பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தாள்.

அப்பா வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்ற வெகுநேரம் எடுத்தார்.

"கனக்கக் குளிருமோ அங்க?"

"இஞ்சத்தை மாதிரித்தான் அப்பா."

"நான் அங்க வரமாட்டன். பட்டம் குடுக்கிற அண்டைக்கும் வரமாட்டன். கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டன்."

"நீ இஞ்ச வந்து போ."